விளையாட்டினுள் ஒரு வேலைநிறுத்தம்

குடியேற்ற வரலாற்றைச் சிறார்க்குப் புகட்டும் நூல்கள் பெரும்பாலும் கப்பலிலிருந்து இறங்குவோரையே காட்டுகின்றன. இறங்கியபின் அவர்தம் உழைப்பு யாருக்குச் செல்வமாயிற்று என்பதைக் காட்டுவதில்லை. இவ்வகையில், 2014இல் அமெரிக்காவில் வெளியான ‘மிஷன் யூ.எஸ்.’ தொடரின் ‘குடியேறிகளின் நகரம்’ என்னும் இணையவழி விளையாட்டு விதிவிலக்கானது. 1907இல் மின்ஸ்க்கிலிருந்து நியூயோர்க் வந்துசேரும் லேனா என்னும் 14 வயது யூதச் சிறுமியாக மாணவர் அதனுட் புகுகின்றனர். 1909ஆம் ஆண்டின் ஆடைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் வரை கதை செல்கிறது. வரலாற்று உள்ளடக்கத்தை, தொழிலாளர் வரலாற்றாசிரியர் ஹேர்பேர்ட் கட்மன் 1981இல் இணைந்து நிறுவிய அமெரிக்கச் சமூக வரலாற்றுத் திட்டம் வகுத்தமை தற்செயலன்று.

எனினும் இங்கு ஒரு முரண்பாடு உண்டு. விளையாட்டின் இலக்கணம் தனியாளின் தெரிவு. வேலைநிறுத்தத்தின் இலக்கணமோ கூட்டுச் செயல். ஏறத்தாழ 20,000 தொழிலாளர், பெரும்பாலும் யூத, இத்தாலிய இளம்பெண்கள், ஒருமித்தெழுந்த அப்போராட்டம், திரையிலே ஒரு சிறுமியின் துணிவாகச் சுருங்கிவிடக்கூடும்.

தெரிவே மறுக்கப்பட்டோரை இவ்வடிவம் எவ்வாறு தாங்கும்? 1882ஆம் ஆண்டின் விலக்குச் சட்டத்தின்கீழ், 1910 முதல் 1940 வரை ஏஞ்சல் தீவில் சீனர் வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில், அடைபட்டிருந்தனர். அவர்களது வரலாற்றை விளையாடும் சிறுவனுக்கு அழுத்த எந்தப் பொத்தானைக் கொடுப்பது?