மரப்பொம்மை வைத்தியம்

‘கேரம் போர்டு ஆடச் சொல்லிக் கொடுக்கறதுக்கு ஒரு படிப்பாடா? அதுக்கு ஒரு உத்தியோகம் வேறயா?’

ரெக்ரியேஷனல் தெரபிஸ்ட் ஆகப்போகிறேன் என்று ஒரு பிள்ளை வீட்டில் வாயைத் திறந்தால், அப்பாவிடமிருந்து இந்தக் கேள்விதான் வரும். விளையாட்டு, பாட்டு, கைவேலை, தோட்டவேலை... இதையெல்லாம் மருந்து மாதிரி ஆளுக்குத் தகுந்தபடி அளந்து கொடுத்து, முடங்கிப்போன உடம்பையும் மனசையும் மீட்கிற வேலை அது. அமெரிக்காவில் இதற்கென்றே பட்டம் உண்டு, சான்றிதழ் உண்டு. நம்மூரிலோ பெயர் வருவதற்கு முன்பே வேலை நடந்திருக்கிறது. நடத்தியவர் ஒரு சர்ஜன். அவருக்கு அந்தப் பொறி தட்டிய இடம், நம் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது!

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலில், குடைவரை நரசிம்மரைச் சேவிக்க வந்தவர்கள் சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கிவிடுவார்கள். அடுத்தது பரனூர், அதற்கடுத்தது செங்கல்பட்டு. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் திருமணி. 1924-ல் அங்கே தொடங்கப்பட்டது லேடி வில்லிங்டன் தொழுநோய் சானடோரியம். (1955-ல் மத்திய அரசு எடுத்துக்கொண்டது.)

1947-ல் அந்த சானடோரியத்தைச் சுற்றிப் பார்க்க வந்தார் டாக்டர் பால் பிராண்ட். வெள்ளைக்காரர்தான், ஆனால் பிறந்தது நம் கொல்லிமலையில், 1914-ல். வேலூர் சி.எம்.சி.யில் எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர். சுற்றிக் காட்டியவர் தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேன். எங்கு பார்த்தாலும் விரல்கள் மடங்கி, பறவையின் நகம் மாதிரி வளைந்த கைகள். ஒருவருடைய கையைப் பிடித்து, ‘அழுத்துங்கள், பார்க்கலாம்’ என்றார் பிராண்ட். அவர் அழுத்திய அழுத்தில் டாக்டருக்குச் சுரீரென்று வலித்தது! செத்துப்போனதாக எல்லோரும் நினைத்த கையில் இத்தனை பலமா? மூடுகிற தசைகள் உயிரோடு இருக்கின்றன, விரித்துப் பிடிக்கிறவைதான் செயலிழந்துவிட்டன என்பது அந்த ஒரு நொடியில் பிராண்டுக்குப் புரிந்தது.

அப்புறம் அறுவை சிகிச்சை. நன்றாக இருக்கும் தசைநாணைத் திருப்பி, விரல்களோடு இணைத்துத் தைத்தார்கள். கைகள் நிமிர்ந்தன. கதை இங்கே முடிந்திருக்க வேண்டும், இல்லையா?

முடியவில்லை. குணமானவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள், நன்றி சொல்ல அல்ல, முறையிட! மடங்கிய கையைப் பார்த்துக் காசு போட்ட ஜனங்கள் நிமிர்ந்த கையைப் பார்த்ததும் நகர்ந்துவிட்டார்களாம். வேலை கேட்டுப் போனாலோ, நோயின் அடையாளத்தைக் கண்டதும் கதவைச் சாத்தினார்களாம். கை கிடைத்தது, சோறு போயிற்று. எந்த சர்ஜனையும் உட்கார வைத்து யோசிக்கச் செய்கிற புகார்.

பிராண்ட் யோசித்தார். டாக்டராவதற்கு முன் இங்கிலாந்தில் கொத்துவேலையும் தச்சுவேலையும் முறையாகக் கற்றவர் அவர். அந்தப் பழைய வித்தை இப்போது கைகொடுத்தது. 1951-ல் வேலூர் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் ‘நவஜீவ நிலையம்’ எழுந்தது. சில குடிசைகள், ஒரு பட்டறை. அங்கே என்ன செய்தார்கள் தெரியுமா? மரப்பொம்மைகள்! மிருகங்கள், வண்டிகள், துண்டு துண்டாகச் சேர்க்கும் புதிர்ப் பலகைகள். வருஷக்கணக்கில் விரல் விரியாதவர்கள் ரம்பம் பிடித்தார்கள், உப்புத்தாள் தேய்த்தார்கள்.

இதில் பெரிய லாபம் டாக்டருக்குத்தான் என்பேன். வேலை செய்கிறவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்ததால்தான், விரல்கள் நோயால் ‘அழுகி உதிர்வதில்லை’ என்று அவரால் நிரூபிக்க முடிந்தது. வலி தெரியாத கை சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறது, ஆணி குத்தினாலும் விடுவதில்லை. காயம்தான் விரலைத் தின்கிறது. சிலருக்கு விடிந்து பார்த்தால் விரல் நுனியைக் காணோம். ராத்திரி கண்விழித்துக் காவல் இருந்து பார்த்தால்... எலி! கடிபட்டவர் எழுந்திருக்கவே இல்லை. வீட்டுக்குப் போகிறவர்களிடம் ஆளுக்கொரு பூனையைக் கொடுத்தனுப்பினார் பிராண்ட். எந்த மருத்துவப் புத்தகத்தில் இந்த மருந்துச் சீட்டு இருக்கிறது?

ஏறக்குறைய அதே சமயம், 1950-ல், பம்பாயில் கமலா நிம்ப்கர் இந்தியாவின் முதல் தொழில்வழிச் சிகிச்சைப் பள்ளியைத் தொடங்கினார். அமெரிக்காவில் பிறந்து, இங்கே மருமகளாக வந்தவர். சட்டை பித்தான் போடுவது, தானே சாப்பிடுவது போன்ற அன்றாட காரியங்களுக்கு நோயாளியைத் தயார்செய்வது அந்தப் படிப்பு. அது வேரூன்றிவிட்டது. சிங்கப்பெருமாள் கோவிலுக்கு ரெண்டு ஸ்டேஷன் முன்னால், காட்டாங்குளத்தூரில் அதற்கென்று கல்லூரியே இருக்கிறது.

விளையாட்டை வைத்தே வைத்தியம் செய்கிறவர்தான் ரொம்ப நாள் வாசலில் நின்றார். பெரும்பாலும் தொழில்வழிச் சிகிச்சை, உளவியல், சிறப்புக் கல்வி என்று ஏதாவது ஒன்றைப் படித்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது. 2021-ல் துணை மருத்துவத் தொழில்களுக்காக நாடாளுமன்றம் ஒரு தேசிய ஆணையச் சட்டம் போட்டது. அதன் அட்டவணையில், பாதச் சிகிச்சை நிபுணர் எல்லாம் வந்து போன பிறகு, ‘இயக்கச் சிகிச்சையாளர்’ என்று ஒரு பெயர். அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், கடைசியாக, ரெக்ரியேஷனல் தெரபிஸ்ட்!

அடைப்புக்குறியோ என்னவோ, அப்பாவிடம் காட்ட ஒரு சட்டம் கிடைத்துவிட்டது.