ஜெயங்கொண்டம் அனல்மின் திட்டம்: வராத திட்டத்துக்கு எடுத்த நிலம் திரும்பி வர ஏன் இவ்வளவு காலம் ஆச்சு?

அரியலூர் மாவட்டம் ஜெயங்கொண்டத்தைச் சுற்றி மண்ணுக்கு அடியில் பழுப்பு நிலக்கரி இருக்கிறது. அதைத் தோண்டி எடுத்து, பக்கத்திலேயே அனல்மின் நிலையம் அமைக்கலாம் என்று 1990களில் அரசு திட்டம் போட்டது. அதற்காக டிட்கோ நிறுவனத்துக்கு 13 கிராமங்களில் எட்டாயிரம் ஏக்கருக்கும் அதிகமான பட்டா நிலம் கையகப்படுத்தப்பட்டது. சுரங்கமும் வரவில்லை, மின் நிலையமும் வரவில்லை. 2022இல்தான் திட்டத்தைக் கைவிட்டு, நிலத்தை உரியவர்களுக்கே திருப்பித் தர தமிழக அரசு முடிவெடுத்தது.

நிலம் அங்கேயேதானே இருந்தது, இதில் என்ன நஷ்டம்?

உண்மைதான். பலரும் அதே நிலத்தில் தொடர்ந்து பயிர் வைத்தார்கள், முந்திரிக் கொட்டை பொறுக்கினார்கள். ஆனால் வருவாய்த்துறைப் பதிவேட்டில் அந்த நிலம் அவர்களுடையது அல்ல. பட்டா இல்லாமல் பயிர்க்கடன் கேட்க முடியாது. போர்வெல்லுக்கு இலவச மின் இணைப்பு கேட்டால் ஆவணம் எங்கே என்பார்கள். மகள் கல்யாணத்துக்கு அரை ஏக்கரை விற்கலாம் என்றாலும் முடியாது. அப்போது கொடுத்த இழப்பீடு மிகக் குறைவு என்று ஆயிரக்கணக்கானவர்கள் நீதிமன்றம் போனார்கள். அந்த வழக்குகளே ஆண்டுக்கணக்கில் நடந்தன.

இதற்கு நடுவில் மாவட்டமே இடம் மாறியது தனிக்கதை. நிலம் எடுக்கும்போது இது பெரம்பலூர் மாவட்டம். 2001இல் அரியலூர் தனி மாவட்டம் ஆனது, அடுத்த ஆண்டே பெரம்பலூரோடு திரும்ப இணைத்தார்கள், 2007இல் மறுபடியும் பிரித்தார்கள். ஒரு மனுவைத் தூக்கிக்கொண்டு எந்தக் கலெக்டர் ஆபீசுக்குப் போவது?

சட்டத்தில் வழியே இல்லையா?

இருந்தது. நிலம் எடுக்கப் பயன்பட்டது 1894ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம். நிலத்தை அரசு கையில் எடுப்பதற்கு முன்பு வரை மட்டுமே பின்வாங்கலாம் என்கிறது அதன் 48ஆவது பிரிவு. அதற்குப் பிறகும் திருப்பித் தர வசதியாக, 1990களிலேயே தமிழ்நாடு 48-பி என்ற பிரிவைச் சேர்த்தது. வாங்கிய இழப்பீட்டைத் திருப்பிக் கட்டச் சம்மதித்தால் பழைய உரிமையாளருக்கு நிலத்தை மாற்றலாம். ஆனால் அதற்கு முன், 'இந்த நிலம் இனி எந்தப் பொதுக் காரியத்துக்கும் தேவையில்லை' என்று அரசே ஒப்புக்கொள்ள வேண்டும். சிக்கல் அங்கேதான். திட்டம் நடக்கவில்லை என்று சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. நெய்வேலி நிறுவனம் செய்யும் என்றார்கள், கோப்பு உயிரோடு இருந்தது. ஆட்சிகள் மாறின. கட்ட முடியாமல் போனதைவிட, 'கட்டப் போவதில்லை' என்று சொல்லாமல் இழுத்ததுதான் இதில் பெரிய தோல்வி.

பெரம்பலூரில் என்ன நிலைமை?

திருமாந்துறை வட்டாரத்தில் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்காக 2007 வாக்கில் ஜி.வி.கே. நிறுவனம் சுமார் 3,000 ஏக்கர் வாங்கியது. சொன்ன அளவுக்குத் தொழிற்சாலைகள் வரவில்லை. இது விலைக்கு வாங்கிய நிலம் என்பதால் 48-பி போன்ற பிரிவுகள் இங்கே உதவாது. விற்றவர் கையில் இருப்பது கிரயப் பத்திரத்தின் நகல் மட்டும்தான்.

இனி உங்கள் ஊரில் நிலம் எடுத்தால்?

நோட்டீஸில் எந்தச் சட்டத்தின் பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். 2013ஆம் ஆண்டின் மத்திய சட்டம் என்றால், அதன் 101ஆவது பிரிவுப்படி ஐந்து ஆண்டுகள் பயன்படுத்தாத நிலம் உரிமையாளருக்கோ வாரிசுகளுக்கோ அரசின் நில வங்கிக்கோ போக வேண்டும். எதற்கு என்பதை அரசுதான் தீர்மானிக்கும். தொழிற்பேட்டைகளுக்கு நிலம் எடுக்க தமிழ்நாட்டில் பெரும்பாலும் பயன்படுவது 1997ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம். சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் அது செல்லாது என்றது. அதே ஆண்டு சட்டமன்றம் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது, 2021இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. அந்தச் சட்டத்தில் எடுத்த நிலத்துக்கு இந்த ஐந்தாண்டுக் கணக்கைக் காட்டி உரிமை கோருவது கடினம்.