எழும்பூர் மணலும் ஒரு சட்டாம்பிள்ளையும்

ஸ்மார்ட் போர்டு, டேப்லெட் என்று யாராவது பள்ளிக்கூடத்துக்குப் புதுசா எதையாவது வாங்கினால் எனக்கு மணல்தான் ஞாபகத்துக்கு வரும். சிரிக்காதீங்க மக்களே, நிஜ மணல்.

1789-ல் எழும்பூரில் வெள்ளைக்காரச் சிப்பாய்களோட பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்துக்குப் பொறுப்பாக வந்தார் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்து பாதிரியார். ஒருநாள் காலைச் சவாரியில் ஒரு 'மலபார்' பள்ளியைப் பார்க்கிறார். (அப்ப அவங்க தமிழையும் மலபார்னுதான் சொல்வாங்க.) பசங்க மணலைப் பரப்பி விரலால் எழுதிக்கிட்டிருக்காங்க. தப்பா? ஒரு தடவு தடவினா அழிஞ்சுது. காகிதம், மை, இறகு எதுவும் வேணாம். 'அண்டு' பட்டன் இலவசம் :-)

தன் பள்ளியிலும் அரிச்சுவடி வகுப்புக்கு அதையே செய்யச் சொன்னார். அங்கிருந்த வாத்தியார், நடக்காதுன்னுட்டார். பெல் மல்லுக்கட்டவில்லை. ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயசுப் பையனைக் கூப்பிட்டுச் சின்னப் பசங்களை அவன்கிட்ட விட்டார். நடந்துது! மணல் அதேதான், ஆள்தான் வேற. அப்புறம் பள்ளி முழுக்கப் பிள்ளைகளே பிள்ளைகளுக்கு வாத்தியார்.

1797-ல் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்று பேர் பரவியது. மணலை எங்கே பார்த்தேன்னு நேர்மையாகச் சொன்ன மனுஷர், பையனை வாத்தியாராக்கியதை மட்டும் தன் கண்டுபிடிப்பு என்றார். நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை வேறென்ன செஞ்சுக்கிட்டிருந்தானாம்? இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

அதைவிடப் பெரிய கோபம் இங்கிலாந்தில் நடந்தது மேல. 1798-ல் ஜோசப் லங்காஸ்டர் தெற்கு லண்டனில் பள்ளி தொடங்கினார். அங்கேயும் மணல் மேசை, அங்கேயும் சட்டாம்பிள்ளைகள். ஆனால் ஒரே ஹால், நூற்றுக்கணக்கான பசங்க, ஒரே வாத்தியார். திண்ணையில் சட்டாம்பிள்ளை வாத்தியாருக்குக் கை கொடுக்கிறவன். லண்டனில் அவன் வாத்தியார் சம்பளத்தை மிச்சம் பிடிக்கிற வழி. ஏழைப் பிள்ளைகளுக்கு இது போதும்னு நினைச்சாங்க. எழுத்துக்கூட்டத் தெரிஞ்சுது, சரி. ஒரு பையன் 'ஏன்?'னு கேட்டால் பதில் சொல்ல, தானே நேத்துதான் அதை நெட்டுரு போட்ட இன்னொரு பையன்!

1846-ல் அரசாங்கம் 13 வயசுக்கு மேற்பட்ட மாணவர்களை 5 வருஷம் சம்பளம் கொடுத்து வாத்தியாராகப் பழக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதற்கப்புறம் மெட்ராஸ் முறை மெல்ல மெல்ல மறைந்தது.

பெல் 1832-ல் இறந்தார். அவர் விட்டுப்போன பணத்தில் அடுத்த வருஷம் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் ஒரு பள்ளி வந்தது. பேரு 'மெட்ராஸ் காலேஜ்'. இன்னிக்கும் நடக்குது, கூகிள் மேப்ஸில் தேடிப் பாருங்க.