பதின்மூன்று சுயேச்சைகளும் ஒரு தீர்ப்பும்

பால்மரக் காட்டிலிருந்து சட்டமன்றத்துக்கு எவ்வளவு தூரம்? கங்காணி காலத்தில் கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகளுக்கு, குடியுரிமை கைக்கு வந்த பிறகுதான் அந்த வழியே திறந்தது. பல்லாண்டு காலம் தோட்டத்து ஓட்டு என்றால் ம.இ.கா. ஓட்டுதான். 2007 நவம்பர் 25இல் கோலாலம்பூரில் நடந்த இண்ட்ராப் பேரணி அந்தக் கணக்கை மாற்றியது.

கெடாவில் சுங்கைப்பட்டாணிக்கு அருகிலுள்ள புக்கிட் செலாம்பாவ் தொகுதியைப் பாருங்கள். வாக்காளர்களில் ஏறக்குறைய பத்தில் மூவர் இந்தியர். 2008 மார்ச் 8இல் அங்கே ம.இ.கா.வைத் தோற்கடித்தவர் பெரிய கட்சிக்காரர் அல்லர், வி.ஆறுமுகம் என்ற சுயேச்சை! பின்னர் அவர் பி.கே.ஆரில் சேர்ந்தார். அசிசான் அப்துல் ரசாக் தலைமையிலான மாநில அரசில் ஆட்சிக்குழு உறுப்பினரும் ஆனார். ஓராண்டு நிறையவில்லை, 2009 பிப்ரவரியில் சட்டமன்றப் பதவியைத் துறந்தார்.

2009 ஏப்ரல் 7 இடைத்தேர்தலில் 15 பேர் களமிறங்கினர். அவர்களில் 13 பேர் சுயேச்சைகள். ஒரு சுயேச்சை வென்ற இடமாயிற்றே, ஆசை விடுமா? மக்களோ வேறு கணக்குப் போட்டார்கள். பி.கே.ஆரின் எஸ்.மணிகுமார் 12,632 வாக்குகள், ம.இ.கா.வின் எஸ்.கணேசன் 10,229 வாக்குகள். பெரும்பான்மை 2,403. சுயேச்சைகள் பதின்மூவரும் தோற்றார்கள்.

ஓராண்டுக்கு முன் சுயேச்சையைத் தூக்கி நிறுத்திய அதே கைகள்தான் இவை. தனிமனிதர் விலகினால் தொகுதியே அநாதையாகும் என்பதை அவர்கள் பட்டறிந்திருந்தார்கள். வெற்றி ஒரு நாள் வேலை; ஐந்தாண்டு உடன் நிற்பதுதான் பிரதிநிதியின் வேலை. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.