கேக் கம்பெனியின் கம்ப்யூட்டர்

உலகத்திலேயே முதன்முதலாக ஒரு கம்ப்யூட்டரைத் தினசரி ஆபீஸ் வேலைக்கு உட்கார வைத்த கம்பெனி எது?

ஐ.பி.எம்.? ம்ஹூம். ஏதாவது ஒரு பெரிய பேங்க்? இல்லை. ராணுவம்? அவர்களுக்குக் குண்டு எங்கே போய் விழும் என்று கணக்குப் போடவே நேரம் போதவில்லை.

கேக் விற்கிறவர்கள். நம்பித்தான் ஆகவேண்டும். லண்டனைச் சேர்ந்த ஜே. லயன்ஸ் அண்ட் கம்பெனி. பிரெட், கேக், ஸ்விஸ் ரோல், ஐஸ்கிரீம், டீத்தூள் என்று வாய்க்குப் போகிற எல்லாவற்றையும் தயாரித்தார்கள். 1894ல் பிக்காடிலியில் முதல் டீக்கடையைத் திறந்தார்கள். அப்புறம் தெருவுக்குத் தெரு பரவினார்கள். கறுப்பு உடை, வெள்ளை ஏப்ரனுடன் பரிமாறும் பெண்களுக்கு ‘நிப்பி’ என்று ஊரே செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிட்டது. ஹாமர்ஸ்மித்தில் இருந்த கேட்பி ஹால்தான் தலைமையகம். அடுமனையும் அங்கேதான், ஆபீஸும் அங்கேதான். ஒரு பக்கம் ரொட்டி வாசனை, இன்னொரு பக்கம் பேரேட்டு வாசனை.

அந்தப் பேரேடுதான் பிரச்னை.

பி.காம். படித்தவன் என்பதால் இந்த இடத்தில் எனக்குக் கை அரிக்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு டீ, ஒரு பன். பில் சில பென்னிதான். அதில் லாபம் பென்னியில் ஒரு துணுக்கு. ஆனால் அந்தப் பில்லை எழுத வேண்டும், கூட்ட வேண்டும், சரிபார்க்க வேண்டும், கணக்கில் ஏற்ற வேண்டும். யானையை விற்றாலும் பில் ஒன்றுதான், பன்னை விற்றாலும் பில் ஒன்றுதான். குமாஸ்தா செலவு இரண்டுக்கும் ஒன்றே. லட்சக்கணக்கில் குட்டிக்குட்டி வியாபாரம் செய்கிற கம்பெனியின் லாபத்தை அதன் கணக்குப்பிள்ளைகளே தின்று தீர்த்துவிட முடியும்.

இதை முதலில் முழுசாகப் புரிந்துகொண்டவர் ஜான் சிம்மன்ஸ். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். 1923ல் லயன்ஸில் சேர்ந்தார். ஒரு கணித மேதைக்கு பன் கம்பெனியில் என்ன வேலை என்று கேட்டிருப்பார்கள். அவர் அசரவில்லை. முப்பதுகளில் கம்பெனிக்குள்ளேயே ஒரு ‘சிஸ்டம்ஸ் ரிசர்ச்’ பிரிவு உருவானது. அதில் இருந்தவர்களுக்கு ஒரே வேலைதான். எந்தக் காகிதம் எந்த மேஜையில் பிறக்கிறது, எந்த மேஜைக்குப் போகிறது, யார் கையெழுத்து, எதற்குக் கையெழுத்து, அது இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிப் போகும் என்று ஒவ்வொன்றாகத் துருவிக்கொண்டே இருப்பது. கம்ப்யூட்டர் வருவதற்கு ஏறக்குறைய இருபது வருடங்களுக்கு முன்னாலேயே அந்தக் கம்பெனிக்குத் தன் சொந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்திருந்தது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

1947ல் தாம்சன், ஸ்டாண்டிங்ஃபோர்டு என்று இரண்டு மேனேஜர்களை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். யுத்தத்துக்குப் பிறகு அங்கே ஆபீஸ்களில் என்ன புதுசாக வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். ஆபீஸ்களில் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. பிரின்ஸ்டனில் ஹெர்மன் கோல்ட்ஸ்டைனைப் பார்த்தார்கள். எனியாக் கம்ப்யூட்டரை உருவாக்கியதில் பங்கு உள்ளவர். அவர் சொன்ன தகவலில் இருவருக்கும் தூக்கிவாரிப்போட்டது. ‘இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தீர்கள்? உங்கள் கேம்பிரிட்ஜிலேயே ஒருவர் கட்டிக்கொண்டிருக்கிறாரே’ என்கிற ரீதியில்!

அந்த ஒருவர், மாரிஸ் வில்க்ஸ். மெஷின் பெயர் எட்சாக். லயன்ஸ் அவருக்கு 3,000 பவுண்டு பணமும், லெனார்ட்ஸ் என்கிற தன் ஊழியர் ஒருவரையும் கொடுத்தது. 1949 மே மாதம் எட்சாக் உயிர்பெற்றது. உடனே லயன்ஸ் தனக்கென்று ஒன்று கட்ட ஆரம்பித்தது. காசு கொடுத்து வாங்கலாம் என்றால் விற்பவர் யாரும் இல்லையே! யுத்தத்தில் ரேடார் வேலை பார்த்த ஜான் பிங்கர்டன் என்கிற இன்ஜினீயரை எடுத்தார்கள்.

லயன்ஸ் எலெக்ட்ரானிக் ஆபீஸ். சுருக்கமாக, லியோ. லயன்ஸ் வீட்டுக் குட்டிக்குச் சிங்கத்தின் லத்தீன் பெயர். குட்டி என்றா சொன்னேன்? ஏறத்தாழ 6,000 வால்வுகள். பாதரசம் நிரப்பிய குழாய்களில் ஒலி அலையாக ஓடிக்கொண்டே இருக்கும் நினைவகம். அதன் மொத்தக் கொள்ளளவு ஒன்பது கிலோபைட்டைத் தாண்டாது. காலையில் உங்கள் செல்போனுக்கு வந்து விழுகிற ஒரு குட்மார்னிங் படத்தை அதற்குள் அடைக்க முடியாது. அதை வைத்துக்கொண்டுதான் ஒரு கம்பெனியை ஓட்டினார்கள்.

புரோகிராம் எழுத ஆள்? கம்ப்யூட்டர் படித்தவர்கள் அன்றைக்கு யாரும் கிடையாது. கம்பெனிக்குள்ளேயே தேடினார்கள். சிஸ்டம்ஸ் பிரிவைக் கவனித்துவந்த டேவிட் கேமினர் தலைமை. ஒரு வாரம் பாடம் நடத்தி, பரீட்சை வைத்து ஆள் எடுத்தார்கள். 1952ல் அப்படித் தேறியவர்களில் ஒருவர் மேரி கூம்ப்ஸ். படித்தது பிரெஞ்சு. வணிகப் புரோகிராம் எழுதிய உலகின் முதல் பெண்மணி என்று இன்றைக்கு அவரைச் சொல்கிறார்கள்.

முதல் வேலை, 1951 நவம்பர் கடைசியில். ‘பேக்கரி வேல்யுவேஷன்’. அடுமனையில் அந்த வாரம் தயாரான பிரெட், கேக் எல்லாவற்றுக்கும் மூலப்பொருள், கூலி, செலவு எவ்வளவு, விற்கப் போனது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்கிற கணக்கு. காஸ்ட் அக்கவுன்ட்ஸ் பேப்பர் எழுதியவர்களுக்கு இந்த வேதனை தெரிந்திருக்கும். வாராவாரம் இதை மெஷினே போட ஆரம்பித்தது.

அடுத்து, சம்பளப் பட்டியல். இது லேசுப்பட்டதல்ல. அங்கே வருமான வரியை வாராவாரம் சம்பளத்திலேயே பிடிக்கும் முறை 1944ல் வந்துவிட்டது. வருட ஆரம்பத்திலிருந்து அதுவரை வாங்கிய சம்பளம், அதுவரை கட்டிய வரி எல்லாம் பார்த்துத்தான் இந்த வாரத்துக்குப் பிடிக்க முடியும். அதோடு நாணயம் வேறு படுத்தியது. பன்னிரண்டு பென்னி ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு. அணா பைசாவில் கணக்கு எழுதிய நம் தாத்தாக்களைக் கேட்டால் தெரியும். மெஷினுக்கோ ஒன்றும் பூஜ்யமும் மட்டும்தான் தெரியும்.

தேறிய குமாஸ்தா ஒருவருக்கு ஓர் ஊழியரின் சம்பளக் கணக்கைப் போட எட்டு நிமிடம். லியோவுக்கு ஒன்றரை விநாடி.

அப்படியானால் மறுநாளே குமாஸ்தாவை எழுப்பிவிட்டு மெஷினை உட்கார வைத்தார்களா? அதுதான் இல்லை. வேகமாக வேலை செய்யும் என்று நம்பிய காந்த நாடாக் கருவி சொதப்பியது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு பன்ச் கார்டுக்குத் திரும்பினார்கள். தினமும் வேலை தொடங்கும் முன் வேண்டுமென்றே மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி, செத்துப்போகக் காத்திருக்கும் வால்வுகளை முன்னதாகவே கண்டுபிடித்துப் பிடுங்கினார்கள். ஒருவர் எழுதிய புரோகிராமை இன்னொருவர் வரி வரியாகச் சரிபார்த்தார். அதன் பிறகும் வாரக்கணக்கில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. குமாஸ்தா ஒரு பட்டியல், லியோ ஒரு பட்டியல். பென்னிக்குப் பென்னி ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லையா? தன்னை நிரூபித்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு மெஷினுக்குத்தான். 1953 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்தான் முதல் தொகுதி ஊழியர்களின் சம்பளம் முழுசாக அதன் கைக்குப் போனது.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வேலை. 1954 அக்டோபரில் தொடங்கிய டீக்கடை ஆர்டர்.

ஒவ்வொரு கடைக்கும் ஒரு மானேஜர் அம்மா. நாளைக்கு எத்தனை ரொட்டி, எத்தனை பை, எத்தனை கேக் வேண்டும் என்று தினமும் நீளமாகப் பட்டியல் எழுதி அனுப்ப வேண்டும். அதைக் குமாஸ்தாக்கள் கூட்டி, அடுமனைக்குச் சொல்லி, வண்டிக்குப் பிரித்து... கேமினரின் ஆட்கள் யோசித்தார்கள். திங்கட்கிழமை விற்பனை போன திங்கட்கிழமை மாதிரிதானே பெரும்பாலும் இருக்கும்? எனவே கிழமைவாரியாக ஒரு வழக்கமான ஆர்டர் நிரந்தரமாக இருக்கட்டும். மாற்றத்தை மட்டும் சொன்னால் போதும். ‘நாளைக்கு பன் இரண்டு டஜன் கூட, பை ஒரு டஜன் கம்மி.’

மத்தியானம் கேட்பி ஹாலிலிருந்து போன் வரும். கடைக்காரம்மா மாற்றங்களைச் சொல்லச் சொல்ல, காதில் ஹெட்போன் மாட்டிய பெண் நேராக பன்ச் கார்டில் துளையிடுவாள். கார்டுகள் லியோவுக்குள் போகும். அடுமனைக்கு மொத்தம் எவ்வளவு சுட வேண்டும், எந்தக் கடைக்கு என்னென்ன கட்ட வேண்டும், எந்த வண்டியில் எதை ஏற்ற வேண்டும் என்று தாள் தாளாக வெளியே வரும். கூடவே எந்தக் கடையில் எது விலைபோகிறது என்று முதலாளிகளுக்கும் ஒரு தாள். விடிந்ததும் சரக்கு கடைவாசலில்.

சொந்தமாக ஆர்டர் செய்து சாஃப்ட்வேர் எழுதி வாங்கிய எந்தத் தொழிலதிபரையும் கேட்டுப் பாருங்கள். இந்தச் சின்ன யோசனை ஏன் பெரிய விஷயம் என்று சொல்வார். இது கணித மூளையில் உதித்த யோசனை இல்லை. டீக்கடையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தவனுக்குத்தான் தோன்றும். எழுதியவனும் உபயோகித்தவனும் ஒரே கேன்டீனில் சாப்பிட்டார்கள்.

அப்புறம் என்ன, அக்கம்பக்கத்தார் கதவைத் தட்டினார்கள். ஃபோர்டு கார் கம்பெனி தன் டாகன்ஹாம் ஆலையின் சம்பளக் கணக்கை அனுப்பியது. வருமான வரித்துறை வரி அட்டவணை போட்டுத் தரச் சொன்னது. ரயில்வே, ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் தூரக் கணக்கு கேட்டது. 1954ல் லியோ கம்ப்யூட்டர்ஸ் என்று தனி கம்பெனியே தொடங்கிவிட்டார்கள். இரண்டாம் லியோ, மூன்றாம் லியோ வந்தன. பிரிட்டிஷ் தபால் இலாகா டெலிபோன் பில் போடுவதற்காக வாங்கிய மூன்றாம் லியோக்கள் 1981 வரை ஓடின.

ஆனால் கம்ப்யூட்டர் தயாரிப்பு பணம் தின்னும் பிசாசு. பன் விற்ற காசில் அதற்குத் தீனி போட்டுக் கட்டுப்படி ஆகவில்லை. 1963ல் இங்கிலீஷ் எலெக்ட்ரிக்குடன் இணைத்தார்கள். 1965 ஜனவரியில் முதல் லியோவை நிறுத்தினார்கள். 1968ல் எல்லாம் சேர்ந்து ஐ.சி.எல். ஆனது. லயன்ஸையே 1978ல் ஒரு பீர் கம்பெனி வாங்கிவிட்டது.

கதை இங்கே முடிந்திருக்கலாம். முடியவில்லை.

அதே ஐ.சி.எல். 1996ல் பிரிட்டிஷ் தபால் நிலையங்களுக்கு ‘ஹொரைஸன்’ என்று ஒரு சாஃப்ட்வேர் எழுத ஒப்பந்தம் வாங்கியது. பிறகு அந்தக் கம்பெனி முழுசாக ஃபுஜித்ஸு கைக்குப் போனது. காகிதத்தில் மட்டும்தான் பரம்பரை. 1999 முதல் ஊர் ஊராக ஹொரைஸன் நிறுவப்பட்டது. சின்னச் சின்னத் தபால் நிலையங்களை நடத்தியவர்களின் கல்லாவில் பணம் குறைகிறது என்று திரை காட்டியது. ‘நாங்கள் எடுக்கவில்லை, மெஷினைப் பாருங்கள்’ என்று அவர்கள் கதறினார்கள். யாரும் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் சரியாக வேலை செய்ததை நிரூபித்தால்தான் அதன் சாட்சியம் செல்லும் என்று இங்கிலாந்தில் இருந்த சட்டப்பிரிவையும் 1999ல்தான் நீக்கியிருந்தார்கள். தன்னை நிரூபித்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு இப்போது குமாஸ்தாவுக்கு!

தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். சிலர் ஜெயிலுக்குப் போனார்கள். பலர் வீட்டை விற்று, செய்யாத குற்றத்துக்கு, வராத நஷ்டத்தைக் கட்டினார்கள். சாஃப்ட்வேரில்தான் கோளாறு என்று லண்டன் ஹைகோர்ட் 2019 டிசம்பரில் சொன்னது. 2024 மே மாதம் பார்லிமென்ட் தனிச் சட்டமே போட்டு, தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்தது. அதைப் பார்க்க அவர்களில் பலர் உயிரோடு இல்லை.