கட்டண நேரப் பதிவு (காப்புரிமைச் சட்டத் தொழில்)

வழக்கறிஞர் தம் கட்சிக்காரருக்காகச் செலவிட்ட நேரத்தைக் குறித்துவைத்து, அதன்படி கட்டணம் கேட்கும் முறை. அமெரிக்காவில் ஒரு மணி நேரத்தைப் பத்தாகப் பகுத்து, 6 நிமிடத்தை ஓர் அலகாகக் கொள்வது பெருவழக்கு. பாஸ்டன் வழக்கறிஞர் ரெஜினால்ட் ஹீபர் ஸ்மித் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இதைப் பரப்பியவர். வழக்கறிஞர் சங்கங்களின் குறைந்தபட்சக் கட்டணப் பட்டியல்கள் செல்லாது என 1975இல் கோல்ட்ஃபார்ப் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின் இம்முறை வலுப்பெற்றது.

காப்புரிமை விண்ணப்பம் எழுத மொத்தத் தொகை பேசிக்கொள்வோர் பலர். அப்போதும் நேரத்தைக் குறிப்பது வீண்வேலை அல்ல. முன்பே வெளிவந்தவற்றைத் தேடுவது, உரிமைக் கோரிக்கைகளை வரைவது, காப்புரிமை அலுவலக ஆய்வாளரின் மறுப்புக்குப் பதில் எழுதுவது ஆகியவை எவ்வளவு உழைப்பை விழுங்கின என்பது அதில்தான் தெரியும்.

காப்புரிமை மீறல் வழக்குகளில் நேரப் பதிவின் மதிப்பு இன்னும் பெரிது. அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின் 285ஆம் பிரிவு, விதிவிலக்கான வழக்குகளில் வென்றவரின் வழக்கறிஞர் கட்டணத்தைத் தோற்றவர்மேல் சுமத்த நீதிமன்றத்தை அனுமதிக்கிறது. பல வேலைகளை ஒரே வரியில் திரட்டி எழுதியிருந்தால் நீதிபதிகள் தொகையைக் குறைப்பதுண்டு. அன்றன்றைய வேலையை அன்றே, தனித்தனியாக எழுதுவதே நம்பத்தக்க பதிவு. ஒரே மணி நேரத்துக்கு இரு கட்சிக்காரர்களிடம் கட்டணம் பெறக்கூடாது என்று அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 1993இல் வெளியிட்ட 93-379ஆம் கருத்துரை தெளிவாகச் சொல்கிறது.