பம்ப் கைப்பிடியும் 578 புள்ளிகளும்

ஓ.பி. முடிஞ்சு வீட்டுக்கு வந்தா சிலர் கேரம் ஆடுவாங்க. நான் லேப்டாப்ல 'ஆர்' மொழியில படம் வரைவேன். பொழுதுபோக்குதான். இந்த வாரம் வரைஞ்சது 1854 லண்டன் காலரா. இதுக்கான தரவு இலவசமாவே கிடைக்குது: 'ஹிஸ்ட்டேட்டா' தொகுப்புல 578 மரணங்கள், 13 பம்ப்புகள். பத்து வரி நிரல் எழுதினா போதும், பிராட் ஸ்ட்ரீட் பம்ப்பைச் சுத்தி புள்ளிகள் ஈ மொய்ச்ச மாதிரி வந்து நிக்கும்.

கல்லூரியில நமக்குச் சொன்ன கதை: ஜான் ஸ்னோ வரைபடம் போட்டார், பம்ப்பைக் கண்டுபிடிச்சார், கைப்பிடியைக் கழட்ட வெச்சார், காலரா நின்னுச்சு. நடந்த வரிசை அது இல்லைங்க.

ஸ்னோ மயக்க மருந்து டாக்டர். 1853-ல விக்டோரியா ராணிக்குப் பிரசவத்துல குளோரோஃபார்ம் கொடுத்தவர். காலரா ஆராய்ச்சி அவருக்கு யாரும் கொடுத்த வேலை இல்லை. கெட்ட காத்துதான் காரணம்னு பெரிய டாக்டர்கள் நம்பின காலத்துல, தண்ணியில பரவுதுன்னு 1849-லயே எழுதினார். பெருசா யாரும் கண்டுக்கல.

1854 ஆகஸ்ட் கடைசியில சோஹோ பகுதியில சாவு குவியுது. பதிவு அலுவலகத்துல 83 மரணங்களோட பட்டியலை வாங்கிக்கிட்டு ஸ்னோ தெருவுல இறங்கினார். பெரும்பாலானவை அந்தப் பம்ப் பக்கம்தான். ஆனா அவர் அதிகம் துருவினது பொருந்தாத கேஸ்களை. பக்கத்துலயே ஏழைகள் விடுதி, 535 பேர். காலராவுல செத்தது 5 பேர்தான். ஏன்? உள்ளேயே கிணறு இருந்துச்சு. அதே தெரு பியர் ஆலையில 70 பேருக்கு மேல வேலை பார்த்தாங்க, ஒருத்தரும் சாகல. அவங்க குடிச்சது பியர்! (குடிக்கு இது சிபாரிசு இல்லை.)

செப்டம்பர் 8 கைப்பிடியைக் கழட்டினாங்க. அதுக்குள்ள ஜனங்க ஊரைக் காலி பண்ணி ஓடியிருந்தாங்க, சாவும் இறங்கிட்டிருந்துச்சு. இதை ஸ்னோவே ஒளிக்காம எழுதியிருக்கார். வீட்டுக்கு வீடு கறுப்புக் கோடு அடுக்கின அந்தப் பிரபல வரைபடம் அச்சுல வந்தது 1855-ல. அது கண்டுபிடிக்கப் போட்ட படம் இல்லை, நம்ப வைக்கப் போட்ட படம்.

என் கதையையும் சொல்லிடறேன். முன்னாடி வேலை பார்த்த இடத்துல டெங்கு கேஸ்களை இப்படித்தான் வரைஞ்சேன். ஒரே தெருவுல பெரிய குவியல். பெருமையா சீனியர்கிட்ட காட்டினேன். "அந்தத் தெருவுக்குப் போய்ப் பார்த்தியாப்பா?"ன்னார். போகல. விசாரிச்சா, முகவரி சொல்லத் தெரியாதவங்களுக்கெல்லாம் கவுண்டர்ல அந்தத் தெரு பேரையே போட்டு வெச்சிருக்காங்க. ரெண்டு வார வேலை குப்பைக்குப் போச்சு.

அதுக்கப்புறம்தான் ஸ்னோ எழுதினதைத் திரும்பப் படிச்சேன். பல மைல் தள்ளி ஹாம்ஸ்டெட்ல ஒரு அம்மா காலராவுல செத்தாங்க. அந்த ஊர்ல வேற கேஸே இல்லை. மகன்கிட்ட விசாரிச்சப்போ விஷயம் தெரிஞ்சுது: பிராட் ஸ்ட்ரீட் தண்ணி ருசின்னு தினமும் ஒரு பாட்டில் வண்டியில வரவழைச்சுக் குடிச்சிருக்காங்க. பார்க்க வந்த உறவுக்காரப் பொண்ணும் அதே தண்ணியைக் குடிச்சுட்டு இஸ்லிங்டனுக்குத் திரும்பிப் போய் இறந்துச்சு.

நான் வரைஞ்ச 578 புள்ளியில இவங்க ரெண்டு பேரும் கிடையாது. ஹாம்ஸ்டெட் அந்த வரைபடத்துக்கு வெளியே இருக்கு.